அதனால் ஒன்றும் குறைந்துவிடாது

ஆங்கிலத்தில் 'நெவர்தலெஸ்' என்று ஒரு சொல் உண்டு. பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்துகிறவர்கள் அதை 'பட்' என்பதற்குக் கொஞ்சம் கனமான மாற்று என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். அகராதியைப் புரட்டினால் 'ஆனாலும், இருந்தபோதிலும், எனினும்' என்று போட்டிருக்கும். அதோடு காரியம் முடிந்துவிடுகிறது. எனக்கோ அந்தச் சொல்லின் மீது பல வருடங்களாகத் தீராத ஈடுபாடு. நெவர், த, லெஸ் என்று மூன்று துண்டுகள் சேர்ந்த சொல் அது. இவற்றில் நடுவில் நிற்கிற 'த'தான் விஷயம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போடுகிற வழக்கமான 'த' மாதிரியே தோன்றும். அது வேறு, இது வேறு. பழைய ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் இருந்தன. சுட்டுச் சொல்லுக்கும் இருந்தன. அவற்றில் ஒன்று நம்முடைய மூன்றாம் வேற்றுமை 'ஆல்' செய்கிற வேலையைச் செய்தது. 'அதனால்', 'அந்த அளவால்' என்று பொருள். மற்ற உருபுகள் காலப்போக்கில் உதிர்ந்துபோயின. இது மட்டும் உருமாறி ஓரிரண்டு இடங்களில் தங்கிவிட்டது. 'த மோர், த பெட்டர்' என்கிறார்களே, எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு நல்லது என்று, அங்கே இருப்பதும் இதே உருபுதான். சாசர் எழுதிய 14ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல்லுக்கு 'நாதலெஸ்' என்ற மூத்த வடிவமும் புழக்கத்தில் இருந்தது. எந்த வடிவத்தைப் பிரித்துப் பார்த்தாலும் கிடைப்பது ஒன்றுதான்: அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

இந்தப் பொருள் தெரிந்த பிறகு வாக்கியமே வேறு மாதிரி தெரிகிறது. அதில் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. முதலாவது எதிராளியுடையது, அல்லது எதிராளிக்குச் சாதகமானது. அதை ஒப்புக்கொண்டாயிற்று, மறுக்கவில்லை, மழுப்பவில்லை. இரண்டாவது பேசுகிறவருடையது. முதலாவது உண்மையாக இருப்பதால் இரண்டாவது குறைந்துவிடவில்லை என்கிறார் அவர். இரண்டும் ஒன்றையொன்று விழுங்காமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 'பட்' இப்படிப்பட்டது அல்ல. அந்தச் சொல் 'வெளியே', 'புறத்தே' என்ற பொருளில் பிறந்தது. மாப்பிள்ளை பார்க்கப் போய்வந்தவர்கள் "நல்ல பையன்தான், ஆனா..." என்று இழுக்கிறபோதே நல்ல பையன் வாசலைத் தாண்டிவிடுகிறான் அல்லவா, அதுதான் 'பட்' செய்கிற வேலை.

ஆங்கிலத்தில் இந்தக் குடும்பத்துச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். 'டெஸ்பைட்' என்ற சொல்லின் வேர், மேலிருந்து கீழே பார்த்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல். அதாவது அவமதிப்பு. 'இன் ஸ்பைட் ஆஃப்' என்பதில் உள்ள ஸ்பைட்டும் அதன் வழி வந்ததே. இன்றைக்கும் தனியாகச் சொன்னால் அதற்கு வன்மம் என்றே அர்த்தம். 'ஸ்டில்' என்பது அசையாமல் நிற்பது. 'ஆல்பீயிட்' என்பது எல்லாம் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்பது. எதிரில் இருப்பதை ஒரு சொல் அவமதிக்கிறது, இன்னொன்று கண்டுகொள்ளாமல் நிற்கிறது, மற்றொன்று இருந்துவிட்டுப் போ என்கிறது. மதித்து, அளந்து பார்த்துப் பதில் சொல்வது நெவர்தலெஸ் மட்டும்தான்.

எக்கெஹார்ட் கோனிக் என்ற ஜெர்மன் மொழியியலாளர் இந்த வகைச் சொற்களை நிறைய ஆராய்ந்தவர். காரணத்தைச் சொல்லும் வாக்கியமும் விட்டுக்கொடுத்துச் சொல்லும் வாக்கியமும் இரட்டைகள் என்பது அவருடைய கருத்து. 'மழை பெய்ததால் போகவில்லை' என்றால் காரணம் பலித்தது. 'மழை பெய்தும் போனான்' என்றால் காரணம் இருந்தது, பலிக்கவில்லை. இதைச் சொல்ல மனதுக்கு இரண்டு படி வேண்டியிருக்கிறது. மழை பெய்தால் போகமாட்டார்கள் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் போனவனைப் பற்றிப் பேச முடியும். குழந்தைகள் 'அப்புறம்' என்பதையும் 'ஏன்னா' என்பதையும் பிடித்துக்கொண்ட பிறகுதான் இந்தச் சொற்களுக்கு வந்துசேர்கிறார்கள். மொழிகளும் அப்படித்தான். இந்தச் சொற்கள் பெரும்பாலும் பிற்காலத்தில் வேறு சொற்களிலிருந்து கட்டப்பட்டவை, அதனால்தான் பிரித்தால் எலும்புகள் இன்னும் தெரிகின்றன.

தமிழிலும் தெரிகின்றன. ஆயினும், இருப்பினும், எனினும் எல்லாமே வினையிலிருந்து வந்தவை, வாலில் ஓர் 'உம்'. அந்தச் சின்ன உம்முக்குத் தொல்காப்பியர் எட்டுப் பொருள் சொல்கிறார். எதிர்மறை அவற்றில் ஒன்று. எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது 'எனினும்'. 'என்று சொன்னாலும்' என்பது அதன் உள்ளே இருக்கிறது. எதிரில் இருப்பவர் ஏதோ சொல்லியிருக்கிறார், அதைக் கேட்டுவிட்டுத்தான் இவர் வாயைத் திறக்கிறார்.

ஆங்கிலம் பேசும் கிறிஸ்தவர்களின் காதில் நெவர்தலெஸ் என்ற சொல் ஆழமாக விழுந்த இடம் கெத்செமனே தோட்டம். கைதாகப்போகிற அதே இரவில் இயேசு தனியே போய் ஜெபிக்கிறார். இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்பது முதல் பாதி. என் விருப்பப்படி அல்ல, உம் விருப்பப்படி ஆகட்டும் என்பது இரண்டாம் பாதி. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிள் இரண்டுக்கும் நடுவில் நெவர்தலெஸ் என்று போட்டது. கிரேக்க மூலத்தில் மத்தேயுவும் லூக்காவும் ஒரு சொல்லைப் போட, மாற்கு சாதாரணமான 'ஆனால்' என்ற சொல்லைப் போட்டிருக்கிறார். மொழிபெயர்த்தவர்களோ மூன்று இடத்திலும் நெவர்தலெஸ் என்றே எழுதினார்கள். தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் 'ஆகிலும்' என்றும் 'ஆயினும்' என்றும் படிக்கிறோம். நான் கவனிப்பது முதல் பாதியை. அந்த வேண்டுதல் திரும்பப் பெறப்படவில்லை. பயம் பயமாகவே இருக்கிறது, சாக விருப்பமில்லை என்பதும் சொல்லப்பட்டபடியே இருக்கிறது. முதல் பாதி இல்லாமல் இரண்டாம் பாதி மட்டும் இருந்திருந்தால் அது வெறும் கீழ்ப்படிதல். நெஞ்சைப் பிடித்து உலுக்குகிற வாக்கியமாக அது ஆனது, முதல் பாதியை மறைக்காமல் சொன்னதால்.

நம் நாட்டில் ஆங்கிலத்தில் நடந்த ஒரு பேச்சில் இந்தச் சொல்லின் முழு வலிமையையும் பார்க்கலாம். 1922ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி, அகமதாபாத்தில் ஷாஹிபாக் சர்க்யூட் ஹவுஸ். 'யங் இந்தியா'வில் எழுதிய மூன்று கட்டுரைகளுக்காகக் காந்தி மீது 124ஏ பிரிவின் கீழ் ராஜத்துரோக வழக்கு. பத்திரிகையை அச்சிட்டு வெளியிட்ட சங்கர்லால் பாங்கர் உடன் நிற்கிறார். நீதிபதி புரூம்ஃபீல்ட். குற்றத்தைக் காந்தி முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். அப்படியும் அட்வகேட் ஜெனரல் ஸ்ட்ராங்மனுக்குத் திருப்தி இல்லை. சௌரி சௌரா, பம்பாய், சென்னை என்று அந்தச் சில மாதங்களில் ஒத்துழையாமையின் பெயரால் ரத்தம் சிந்திய ஊர்களை நீதிமன்றம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். கட்சிக்காரர் சார்பில் வக்கீல் இருந்திருந்தால் அந்த இடத்தில் எழுந்து ஆட்சேபித்திருப்பார். கட்டுரைக்கும் கலவரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருப்பார்.

காந்தி எழுந்தார். அட்வகேட் ஜெனரல் என்னைப் பற்றிச் சொன்னது அவ்வளவும் நியாயம் என்றார். அந்தப் பழிகள் அனைத்தையும் ஏற்கிறேன். படித்தவன், அனுபவம் உள்ளவன், என் செயலின் விளைவு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். அந்தப் பேச்சை அதோடு நிறுத்தியிருந்தால் அது மன்னிப்புக் கடிதம். அடுத்து அவர் சொன்னது: என்னை விடுதலை செய்தால் மறுபடியும் இதையேதான் செய்வேன். பிறகு எழுதிவைத்திருந்த அறிக்கையை வாசித்தார். அதிலும் இதே கட்டுமானம். இந்த ஆட்சியை நடத்தும் ஆங்கிலேயர்களிலும் இந்திய அதிகாரிகளிலும் பலர், உலகத்தின் மிகச் சிறந்த முறைகளில் ஒன்றை நடத்துவதாக உண்மையாகவே நம்புகிறார்கள் என்று ஒப்புக்கொண்டார். எந்தத் தனி அதிகாரியிடமும் தனக்கு விரோதம் இல்லை என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே, அந்த ஆட்சி இந்தியாவுக்குச் செய்த கேட்டையும் விரித்தார். ஆட்சியின் மேல் அன்பை வரவழைக்கச் சட்டத்தால் முடியாது என்றார். நீதிபதிக்கு இரண்டே வழி வைத்தார்: இந்தச் சட்டம் கெட்டது என்று தோன்றினால் பதவியை விட்டு விலகுங்கள், நல்லது என்று தோன்றினால் எனக்கு மிகக் கடுமையான தண்டனை கொடுங்கள்.

புரூம்ஃபீல்ட் சொன்ன பதிலை நான் பல தடவை படித்திருக்கிறேன். நான் இதுவரை விசாரித்த, இனி விசாரிக்கப்போகிற எவரோடும் உங்களைச் சேர்க்க முடியாது என்றார். கோடிக்கணக்கானவர்களின் கண்ணில் நீங்கள் பெரிய தேசபக்தர், பெரிய தலைவர் என்பதை ஒதுக்கிவிட முடியாது என்றார். அரசியலில் உங்களோடு மாறுபடுகிறவர்கள்கூட உங்களை உயர்ந்த லட்சியம் கொண்டவராக, துறவி போல வாழ்கிறவராகப் பார்க்கிறார்கள் என்றார். வன்முறைக்கு எதிராகக் காந்தி செய்த முயற்சிகளையும் ஒப்புக்கொண்டார். இவ்வளவும் சொல்லிவிட்டு, நான் உங்களை ஒரே ஒரு நிலையில்தான் பார்க்க முடியும், சட்டத்துக்கு உட்பட்ட ஒரு மனிதராக என்றார். 1908இல் இதே பிரிவில் திலகருக்குக் கிடைத்தது ஆறு ஆண்டு. உங்களைத் திலகரோடு வைத்துப் பார்ப்பது தவறாகத் தோன்றாதே என்று கேட்டு, அதே ஆறு ஆண்டு வெறுங்காவல் விதித்தார். நாட்டு நிலைமை மாறி அரசாங்கம் இந்தக் காலத்தைக் குறைத்து உங்களை விடுவித்தால் என்னைவிட மகிழ்கிறவர் யாரும் இருக்கமாட்டார் என்றும் சொன்னார். திலகரின் பெயரோடு தன் பெயரைச் சேர்த்ததைப் பெரிய கௌரவமாக எடுத்துக்கொள்வதாகக் காந்தி பதில் சொன்னார். இதைவிட மரியாதையை எதிர்பார்த்திருக்க முடியாது என்றார். 1924 ஜனவரியில் புணே சாசூன் மருத்துவமனையில் குடல்வால் அறுவை நடந்தது, பிப்ரவரியில் அரசாங்கம் அவரை விட்டுவிட்டது.

அந்தத் தண்டனை நியாயம் என்று நான் சொல்லவில்லை. சட்டமே அநியாயமானது, அதை அமல்படுத்தத்தான் அந்த நாற்காலி அங்கே போடப்பட்டிருந்தது. நான் பார்ப்பது வேறு. இரண்டு பேரும் எதிர்த் தரப்புக்குக் கொடுத்தது ஒப்புக்கு அல்ல. காந்தி சௌரி சௌராவைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டது அரசுத் தரப்புக்குக் கொடுத்த ஆயுதம். காந்தியைத் துறவி என்று ஓர் ஐ.சி.எஸ். நீதிபதி திறந்த நீதிமன்றத்தில் சொன்னதோ காங்கிரஸுக்குக் கொடுத்த ஆயுதம். அவர்கள் அதை அச்சடித்துப் பரப்பத்தான் செய்தார்கள். கொடுத்தால் கைப்பொருள் போகும் என்று தெரிந்தே கொடுத்தார்கள். ஒரு வாக்கியத்தில் நெவர்தலெஸ்ஸுக்கு முன்னால் வருவது மெய்யா பசப்பா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை இது ஒன்றுதான்: சொன்னவருக்கு அதனால் ஏதாவது போனதா?

ஒன்றும் போகாத இடத்திலும் இந்தச் சொல் தன் வேலையைச் செய்துவிடும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2017 பிப்ரவரி 7, அமெரிக்க செனட். செனட்டர் ஜெஃப் செஷன்ஸை அட்டர்னி ஜெனரல் ஆக்குவது பற்றி விவாதம். 1986இல் அவர் ஒரு நீதிபதி பதவிக்கு முன்மொழியப்பட்டபோது, மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் அவரை எதிர்த்துக் கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை செனட்டர் எலிசபெத் வாரன் அவையில் வாசித்தார். சக உறுப்பினரை இழிவுபடுத்தக் கூடாது என்ற விதியைக் காட்டி, வாக்கெடுப்பு நடத்தி, அவரை உட்காரவைத்தார்கள். பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல் காரணம் சொன்னார்: எச்சரித்தோம், விளக்கம் கொடுத்தோம், நெவர்தலெஸ் அவர் விடாமல் தொடர்ந்தார். குற்றச்சாட்டாகச் சொன்ன வாக்கியம் அது. சில நாட்களிலேயே நாடு முழுக்கப் பெண்கள் அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். மெக்கானல் 'பட்' என்று சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்பது என் எண்ணம். எச்சரிக்கை இருந்தது, விளக்கம் இருந்தது, அவற்றால் அந்தப் பெண்ணிடம் எதுவும் குறையவில்லை என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது.

ஒப்புக்கொள்வதால் வரும் நஷ்டத்தை நெடுங்காலமாகச் சுமக்கிறவர் டார்வின். 1859இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் ஆறாம் அத்தியாயத்துக்குத் தலைப்பே தன் கொள்கையில் உள்ள சிக்கல்கள் என்பதுதான். எதிரிகள் கேட்பதற்கு முன்னால் அவரே கேட்டுக்கொள்கிறார். கண் போன்ற நுட்பமான உறுப்பு இயற்கைத் தேர்வால் உருவாகியிருக்கும் என்பது முழு அபத்தமாகத் தோன்றுகிறது என்று அவரே எழுதுகிறார். எழுதிவிட்டு, வெறும் ஒளியை மட்டும் உணர்கிற நரம்பிலிருந்து தொடங்கி, படிப்படியான கண்கள் உயிரினங்களில் இருப்பதைக் காட்டிக்கொண்டு போகிறார். பரிணாமத்தை எதிர்க்கிறவர்கள் முதல் வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்து, பாருங்கள், டார்வினே ஒத்துக்கொண்டார் என்று இன்றுவரை துண்டுப் பிரசுரம் போடுகிறார்கள். இப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தாலும் அவர் அந்த வாக்கியத்தை எழுதியிருப்பார் என்றே நினைக்கிறேன். அந்த அத்தியாயம் இல்லாத புத்தகத்தை நான் நம்பியிருக்கமாட்டேன்.

இனி இந்தக் குடும்பத்தில் அதிகாரம் மிகுந்த சொல்லுக்கு வருகிறேன்: 'நாட்வித்ஸ்டாண்டிங்'. வாக்கியத்தின் கடைசியில் தனித்து நின்றால் அதுவும் நெவர்தலெஸ் போன்ற வினையடைதான். ஆனால் அது குடியிருப்பது சட்டப் புத்தகத்தில். லத்தீனில் 'நான் ஆப்ஸ்டான்டே', எதிர்த்து நில்லாமல் என்பதன் நேர்ப்பெயர்ப்பு. சட்டத் தமிழில் 'எது எவ்வாறிருப்பினும்'. நெவர்தலெஸ் ஒன்றை எடுத்துச் சொல்லி, ஏற்று, அதன் பிறகு பேசுகிறது. இந்தச் சொல் எதையும் எடுத்துச் சொல்வதில்லை. எது இருந்தாலும் சரி, என்ன இருந்தாலும் சரி, நான் சொல்வது நடக்கும் என்கிறது.

இதன் ஆபத்தை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் லிங்கன் நகரத்து பிஷப் ராபர்ட் குரோஸ்டெஸ்ட். போப் நான்காம் இன்னொசென்ட் தம் உறவுப் பையன் ஒருவனுக்கு லிங்கன் ஆலயத்தில் ஒரு பதவியைக் கொடுக்கும்படி உத்தரவு அனுப்பினார். இதற்கு எதிராக எந்த விதி, எந்தச் சலுகை, எந்த வாக்குறுதி இருந்தாலும் அவை நில்லா என்று அதில் அடுக்கியிருந்தது. 1253இல், தாம் இறந்துபோன அதே ஆண்டில், பிஷப் அதற்கு மறுப்பு எழுதினார். இந்த ஒற்றைத் தொடர் நுழைந்துவிட்டால் எழுத்துக்கும் வாக்குக்கும் மதிப்பு போய்விடும், யாரும் யாரையும் நம்ப முடியாமல் ஆகிவிடும் என்பது அவருடைய வாதம். இங்கிலாந்து மன்னர்கள் போப்பிடமிருந்து அதைக் கற்றுக்கொண்டார்கள். நாடாளுமன்றச் சட்டம் என்ன சொன்னாலும் இன்னாருக்கு அது பொருந்தாது என்று விலக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாம் ஜேம்ஸ் அதை எல்லை மீறிப் பயன்படுத்தி அரியணையை இழந்தார். 1689ஆம் ஆண்டின் உரிமைச் சாசனம் 'நான் ஆப்ஸ்டான்டே' மூலம் எந்தச் சட்டத்திலிருந்தும் விலக்கு அளிக்கக் கூடாது என்று பெயர் சொல்லித் தடைபோட்டது. ஓர் அரசன் இன்ன தொடரை எழுதக் கூடாது என்று சட்டம் வந்தது.

மன்னருக்குத் தடைசெய்த சொல்லை நாடாளுமன்றங்கள் தமக்கு வைத்துக்கொண்டன. இந்திய அரசமைப்பில் அது பல இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. அவற்றில் ஒன்று காவிரிப் படுகையில் வயல் வைத்திருப்பவர்களின் வாழ்வோடு சம்பந்தப்பட்டது. 262ஆம் உறுப்பு சொல்கிறது: இந்த அரசமைப்பில் எது எவ்வாறிருப்பினும், மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறில் உச்ச நீதிமன்றமோ வேறு நீதிமன்றமோ தலையிட முடியாதபடி நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். 1956ஆம் ஆண்டின் நதிநீர்த் தகராறுச் சட்டம் அதன் 11ஆம் பிரிவில் அப்படியே செய்தது, அங்கேயும் அதே சொல்லைப் போட்டு. அந்தப் பக்கம் 136ஆம் உறுப்பு இருக்கிறது. அது சொல்கிறது: இந்த அத்தியாயத்தில் எது எவ்வாறிருப்பினும், தீர்ப்பாயங்களின் தீர்ப்பு மீதும் உச்ச நீதிமன்றம் சிறப்பு அனுமதி கொடுத்து மேல்முறையீடு கேட்கலாம். ஆக இரண்டு நாட்வித்ஸ்டாண்டிங்குகள் நேருக்கு நேர்.

1990இல் அமைந்த காவிரி நடுவர் மன்றம் 2007இல் இறுதித் தீர்ப்பு கொடுத்தது, 2013இல் அது அரசிதழில் வந்தது. மாநிலங்கள் உச்ச நீதிமன்றம் போயின. மேல்முறையீடே செல்லாது, 262 கதவை அடைத்துவிட்டது என்று மத்திய அரசு வாதாடியது. 2016 டிசம்பர் 9 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது: தடை உண்மை, தகராறை நேரடியாக நாங்கள் எடுத்து விசாரிக்க முடியாது, ஆயினும் நடுவர் மன்றம் விசாரித்து முடித்துக் கொடுத்த தீர்ப்பின் மீது 136ஆம் உறுப்பின்படி மேல்முறையீடு கேட்கிற அதிகாரம் அந்தத் தடையால் குறைந்துவிடவில்லை. 2018 பிப்ரவரி 16 அன்று வந்த தீர்ப்பில் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டிய தண்ணீர் 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆயிற்று. பெங்களூரின் குடிநீருக்கு 4.75, படுகையின் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்துக்கொண்டு 10. அந்தக் கணக்கு நமக்கு உவப்பானதல்ல. நிலத்தடி நீரைத் தமிழ்நாட்டுக்கு மட்டும் எண்ணியது சரியா என்பதில் எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு. ஆனாலும் 2016 தீர்ப்பின் வழி எனக்கு முக்கியமாகப் படுகிறது. சட்டத்தில் ஒரு சொல்லாக நின்ற தடையை நீதிபதிகள் பிரித்து, அதன் எல்லை எது என்று பல பக்கங்களுக்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது. நாட்வித்ஸ்டாண்டிங் காரணம் சொல்வதில்லை. நீதிமன்றம் அதை நெவர்தலெஸ்ஸாக மாற்றித்தான் தீர்ப்பு எழுத முடிந்தது.

கனடாக்காரர்கள் இந்தச் சொல்லுக்கு ஒரு விலை வைத்தார்கள். 1982ஆம் ஆண்டின் உரிமைச் சாசனத்தில் 33ஆம் பிரிவை எல்லாரும் 'நாட்வித்ஸ்டாண்டிங் கிளாஸ்' என்றே அழைக்கிறார்கள். பேச்சுரிமை, மத உரிமை உள்ளிட்ட சில உரிமைகளையும் மீறி ஒரு சட்டம் செல்லும் என்று நாடாளுமன்றமோ மாகாணச் சட்டமன்றமோ வெளிப்படையாக அறிவிக்கலாம். இதை 1981 நவம்பரில் சில மாகாண முதல்வர்கள் கேட்டு வாங்கினார்கள். சாசனம் நிறைவேற வேண்டுமே என்று அன்றைய பிரதமர் பியர் ட்ரூடோ விட்டுக்கொடுத்தார். அந்த உடன்பாட்டில் கியூபெக் கையெழுத்திடவில்லை, ஆனால் அதிகமாகப் பயன்படுத்தியது கியூபெக்தான். விலை என்றேனே, அது இரண்டு. மறைமுகமாகச் செய்ய முடியாது, உரிமையை மீறுகிறோம் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். ஐந்து ஆண்டில் அது காலாவதி ஆகும், மறுபடி எழுதி மறுபடி வாக்களிக்க வேண்டும். நடுவில் தேர்தல் வந்துவிடும். 2022 நவம்பரில் ஒன்டாரியோ அரசு சுமார் 55,000 பள்ளி ஊழியர்களின் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்ய இந்தப் பிரிவைக் கையில் எடுத்தது. மீறினால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4,000 டாலர் வரை அபராதம். ஊழியர்கள் வெளியே வந்தார்கள், மற்ற தொழிற்சங்கங்கள் சேர்ந்துகொண்டன. இரண்டு வாரம் ஆவதற்குள் அந்தச் சட்டம் ரத்தாகி, எப்போதுமே அமலில் இல்லாததாகக் கருதப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

நம் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் நடக்கும் விவாதங்களில் இந்த இரண்டு சொற்களில் எது ஓங்கியிருக்கிறது என்று பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. "அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஆனால்" என்று தொடங்கும் கட்டுரையில் அந்த மரியாதை எதற்காக என்று ஒரு வரி இருப்பதில்லை. "அதெல்லாம் சரி" என்கிறோம். எதெல்லாம் சரி என்று சொல்வதில்லை. நாவலில் சில நல்ல பகுதிகள் இருந்தாலும் என்று எழுதுகிற விமர்சகர் அந்தப் பகுதிகள் எவை என்று காட்டுவதில்லை. சொல் நெவர்தலெஸ்ஸாக இருக்கிறது, உள்ளே இருப்பது போப்பின் உத்தரவு. இதில் கெட்ட எண்ணத்தைவிட அவசரம்தான் அதிகம் என்று நினைக்கிறேன். எதிர்த் தரப்பை முழுசாக எழுதினால் நம் தரப்பு பலவீனமாகத் தெரிந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. காந்திக்கு அந்த அச்சம் இல்லை, டார்வினுக்கும் இல்லை.

இந்த இதழுக்கு மறுப்பும் மதிப்புரையும் எழுதுகிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 'ஆயினும்' என்று எழுதுவதற்கு முன்னால் நிறுத்துங்கள். யாரை மறுக்கிறீர்களோ அவர் சொன்னதில் சரியானது எது என்று ஒரு பத்தி எழுதுங்கள். அவரே படித்தால், ஆமாம், நான் சொன்னது இதுதான், இதைவிட நன்றாக நானும் சொல்லியிருக்கமாட்டேன் என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதுங்கள். எழுதிய பிறகும் உங்கள் மறுப்பு நிற்கிறது என்றால் அனுப்பிவையுங்கள். இக்கட்டுரைக்கு வரும் மறுப்பும் அப்படியே வரட்டும்.